அறுபத்து நான்காவது வீடியோ

காலையில் வெறும் வயிற்றில் எனக்குச் சர்க்கரை இருநூற்றுப் பதினான்கு இருந்தது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், மேடம். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்து பார்த்தேன். எங்கள் தெரு நாய்கள் மூன்றும் கூடவே வந்தன. அவற்றுக்கு என் வேட்டியைப் பிடிக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஓசூர் மாப்பிள்ளை, தான் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மூலையில் சாத்தி வைத்திருந்த கியர் சைக்கிளை அனுப்பி வைத்தார். கூடவே ஒரு ஹெல்மெட்டும், அதன் நெற்றியில் மாட்டுகிற தீப்பெட்டி அளவு கேமராவும் வந்தன. யாராவது இடித்துவிட்டுப் போனால் அடையாளம் தெரிய வேண்டும் என்றார். மாமனார் மேல் அக்கறை உள்ள பையன்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு மன்னிக்கவும். பாலக்கோட்டில் இருபத்தாறு வருஷமாகப் பத்திர எழுத்தர் நான். பிரபாகர் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது என்று ஒரு பேர் உண்டு. இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே பேர் அதுதான். கேமரா வந்த பிறகு இரண்டாவது பேர் வந்தது, அதற்கு வருகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில், தொந்தியோடு, காளான் போன்ற ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவனைப் பார்த்து என் மனைவி சுகுணா முதல் நாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் இன்று ஒரு மனிதர் உயிரோடு இருந்திருப்பார்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ஒரு மினி லாரியின் பக்கக் கண்ணாடி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. காயம் ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவன் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, ஓரமாப் போய்யா" என்றான். மாதம் இரண்டு முறை தலைக்கு மை அடிக்கிறவன் நான். முழங்கை வலிக்கவில்லை, பெருசு என்றதுதான் வலித்தது. அவமானமாக இருந்தது. அன்றே அந்த வீடியோவைப் போலீஸின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். கீழே, 'மேற்படி வாகனம், மேற்படி நேரத்தில், சைக்கிளில் சென்ற என்னை உரசிச் சென்றது' என்று நாலு வரி எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மேற்படி வாகனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பதிலை நான் எத்தனை முறை படித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வருஷம் அடுத்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவன், மேடம். எவனோ விற்பான், எவனோ வாங்குவான், நான் கடைசி வரியில் 'எழுதியவர்' என்று சின்னதாக இருப்பேன். என் பெயரில் நானே ஒன்றை எழுதி, அதைப் படித்துவிட்டு அரசாங்கம் எழுந்து போய் ஒருவனைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அன்று கல்யாண மாப்பிள்ளை போலச் சாப்பிட்டேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும்.

அதன் பிறகு தினமும் காலை ஆறேமுக்காலுக்கு எங்கள் ஊரிலிருந்து பாலக்கோடு போகிற சாலையில் போய்த் திரும்புவேன். வீடியோக்களுக்குப் பத்திரங்களைப் போலவே எண் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் அறுபத்து மூன்று அனுப்பினேன். 'கேமரா சைக்கிள்' என்று பேர் வந்தது. "ரோட்டுல போற வண்டி நம்பரெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எம் பொறந்த நாளு என்னைக்குன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று சுகுணா ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பத்திரம் எதையும் பார்க்காமல் தேதி சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பூவரசனை அப்படித்தான் தெரியும். தக்காளி ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறவன், முப்பதைத் தாண்டாத பையன், பக்கத்து ஊர். என் வரிசையில் இருபத்தொன்பதாவது எண்ணிலும் நாற்பதாவது எண்ணிலும் அவன் இருக்கிறான். இரண்டாவது அபராதம் வந்ததும் ஒரு மத்தியானம் நான் பத்திரம் எழுதுகிற கொட்டகைக்கே வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நான் ஸ்டாம்ப் பெட்டியை மூடினேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"சார், மூணாவது தடவ வந்தா ஓனரு வேற டிரைவர வெச்சுக்குவாருங்க. வூட்டுல அவ மாசமா இருக்கறா. நீங்க எவ்ளோ தள்ளிப் போவணும்னு காட்டுங்க, அவ்ளோ தள்ளிப் போயிர்றங்க."

நான் டேப்பை எடுத்துத் தரையில் ஒன்றரை மீட்டர் அளந்து காட்டினேன். அவன் ஒரு முனையில் காலை வைத்து, மறு முனையைப் பார்த்து, மறுபடி காலை மாற்றி வைத்துப் பார்த்தான். நன்றி சொல்லிவிட்டுப் போனான். அன்று நான் நல்ல ஆசிரியர் ஆகியிருக்க வேண்டியவன் என்று தோன்றியது. இப்படியெல்லாம் எனக்குத் தோன்றும்.

அவன் மற்ற டிரைவர்களிடமும் சொல்லியிருக்க வேண்டும். மார்கழி பிறந்தபோது சந்தைக்குப் போகிற வண்டி ஒன்றுகூட என்னை உரசவில்லை. பின்னால் வந்து, வேகத்தைக் குறைத்து, எதிரில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, தள்ளிப் போனார்கள். சில பேர் கை வேறு காட்டினார்கள். நான் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தெட்டு நாள் ஒரு வீடியோகூட இல்லை. போலீஸ் எண்ணிலிருந்து ஒரு செய்தியும் வருவதில்லை. சர்க்கரை நூற்று முப்பதுக்கு வந்திருந்தது, டாக்டர் கை கொடுத்தார். ஏதோ துக்க வீட்டில் கை கொடுப்பது போல வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் கொள்ளு அறுப்பு வந்தது. நீங்கள் தெற்கத்திப் பக்கம் என்று கேள்வி, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் களம் இல்லாதவர்கள் அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி அதை அடித்துக் கொடுத்துவிடும். அடித்த தானியத்தை அதே ரோட்டு ஓரத்தில் காயப் போட்டால், அப்போது வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். ரோட்டில் பாதி போய்விடும். எல்லோரும் அனுசரித்துத்தான் போவார்கள்.

ஏரிக்கரை வளைவில் பாஞ்சாலி காயப் போட்டிருந்தார். வீட்டுக்காரர் இல்லாத பெண்மணி, அரை ஏக்கர் மானாவாரி. இடது பக்கம் பாதி ரோட்டுக்குக் கல் வரிசை. நான் கல்லைச் சுற்றி நடு ரோட்டுக்கு வந்தாக வேண்டும். வலது பக்கம் ஏரிக்கரை. அங்கே எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் ஒன்றரை மீட்டர் விட முடியாது. விட்டால் சாலையின் வலது ஓரத்துக்கே போக வேண்டும். இரண்டுமே தவறுதான். அன்று ஒரே காலையில் நாலு வீடியோ கிடைத்தது. வீடு வரும் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

ரோட்டில் தானியம் காயப் போடுவதும் குற்றம்தான். அதை நான் அனுப்பவில்லை. ஏழைப் பொம்பளை என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், ஒரு வாரம் வரைக்கும். பாஞ்சாலி கொள்ளை மூட்டை கட்டி முடித்துவிட்டு, குனிந்து கல்லைப் பொறுக்க ஆரம்பித்தபோது நான் சைக்கிளை நிறுத்தினேன்.

"நீங்க மூட்டயப் பாருங்க. கல்லெல்லாம் நான் ஓரமாப் போட்டுர்றேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்கண்ணா செரமம்" என்றார். பிறகு, "உங்களமாதிரி ஆரு இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் கல்லை எடுக்கவில்லை. மறுநாள் யாரோ நாலு கல்லை ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். திரும்ப எடுத்து வைத்தேன். அதற்கு அடுத்த நாள், நான் இன்னும் கொஞ்சம் வளைத்து நடு ரோட்டுக்குப் போக வேண்டி வரட்டும் என்று, வரிசையை நடு ரோட்டுப் பக்கம் இரண்டடி நகர்த்தினேன். கல் கனம். இந்த உடம்புக்கு நல்ல பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். மேலே கொஞ்சம் கொள்ளுச் செத்தையையும் தூவினேன், பார்த்தால் இன்னும் தானியம் கிடக்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

இனி பிப்ரவரி மூன்றாம் தேதிக்கு வருகிறேன். அன்று நான் உங்களிடம் கொடுத்த வாக்குமூலம் உங்கள் கோப்பில் இருக்கிறது. காலை ஏழேகால் மணிக்கு நான் பாலக்கோட்டை நோக்கி மேற்கே போய்க்கொண்டிருந்தேன், பின்னால் தக்காளி ஏற்றிவந்த பூவரசனின் பிக்கப் வளைவென்றும் பாராமல் என்னை முந்தி வலது ஓரத்துக்கு ஏறியது, எதிரே மொபெட்டில் வந்த அர்ச்சுனன் மீது மோதியது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். கூடவே இருபத்திரண்டு வினாடி வீடியோ. அதில் ஒரு வரியும் பொய் இல்லை. பொய் எழுதுகிறவன் நல்ல பத்திர எழுத்தர் ஆக முடியாது. எதை எழுதாமல் விட வேண்டும் என்று தெரிந்தவன்தான் ஆக முடியும்.

நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்றீர்கள். பூவரசனைக் கைது செய்தீர்கள். அவன், "சார்தான் கை காட்டுனாருங்க, போன்னு காட்டுனாருங்க" என்று அழுதபோது, எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று உங்கள் ஏட்டையா சிரித்தார். நானும் சிரித்தேன். ஜாமீன் கிடைக்கவில்லை. உள்ளே போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது. அவன் மனைவிக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

நேற்று பாஞ்சாலி என் கொட்டகைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, ஒரு மனு எழுதிக் குடுங்க. அர்ச்சுனண்ணன் செத்ததுக்கு நான்தான் காரணம்னு எழுதுங்க. எங்கல்லுதானே ரோட்டுல கெடந்துச்சு. எம்மேல வந்துரும்னு பயந்துக்கினு, அன்னைக்கே போய்ப் பொறுக்கி எறிஞ்சுட்டனுங்க. அந்தப் புள்ள ஜெயில்ல கெடக்கறான். எனக்குத் தூக்கமே இல்லீங்கண்ணா."

"கல்லை நான் எடுத்துப் போடுறேன்னு சொன்னேனே" என்றேன்.

"நீங்க ஆயிரம் வேலைக்காரரு, மறந்திருப்பீங்க. பொருளு என்துதானே" என்றார்.

இனி சொல்லப்போவது எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது. நான் அந்த மனுவை எழுதினேன், மேடம். இரண்டு பக்கம். 'அடியிற்கண்ட கைநாட்டுடைய பாஞ்சாலி ஆகிய நான்' என்று ஆரம்பித்து, மிகவும் நன்றாக வந்தது. பூவரசனும் வெளியே வந்துவிடுவான், எனக்கும் ஒன்றும் இல்லை என்று கணக்குப் போட்டபடியே எழுதினேன். கைநாட்டு வைக்க மைப் பெட்டியைத் திறந்தபோது அவர் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அதனால்தான் காலையில் நீங்கள் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பே நான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

விட்டதை இப்போது எழுதுகிறேன். பூவரசன் வளைவில் என்னை முந்த வரவில்லை. கல் வரிசைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, என் பின்னால் நடை வேகத்தில் வந்தான். ஹார்ன்கூட அடிக்கவில்லை. வளைவு முடியட்டும் என்று காத்திருந்தான். சந்தையில் ஏலம் தொடங்கும் நேரம், அவனுக்கு அவசரம் இருந்திருக்கும். நான் இன்னும் மெதுவாகப் போனேன். அவனும் மெதுவாக வந்தான். அவன் அப்படிப் பொறுமையாக வந்தது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

அப்போது கேன் சத்தம் கேட்டது. அர்ச்சுனன் பால் சொசைட்டிக்குப் பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேன்கள் இரண்டு பக்கமும் ஆட, தினமும் அந்த நேரத்துக்குத்தான் எதிரே வருவார். "சார், சக்கர எறங்குதுங்களா?" என்று தினமும் கேட்பார். அவருடைய பாகப்பிரிவினைப் பத்திரம் நான் எழுதியது. பிக்கப்பின் கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே பாட்டு; பூவரசனுக்குச் சத்தம் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கேட்டது மட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். நான் அவனுக்கு ஒரு வண்டி தூரம் முன்னால் இருந்தேன், வளைவை மறைக்கிற கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். அவரைப் பார்த்தேன். நீலச் சட்டை.

நான் வலது கையைத் தாழ்த்தி, முன்பக்கமாக இரண்டு முறை வீசினேன். போ, வழி இருக்கிறது என்று.

பூவரசன் என்னை நம்பினான். ஒன்றரை மீட்டர் சொல்லிக் கொடுத்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பான். வண்டியை வலது ஓரம் வரை ஒடித்து, எனக்கு முழு இடம் விட்டுப் போனான். வீடியோவை நிறுத்தி ரோட்டின் அகலத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன்: ஒரு மீட்டர் அறுபது. என் அறுபத்து நாலு வீடியோவில் என்னை அவ்வளவு மரியாதையாகக் கடந்து போனவன் அவன் ஒருவன்தான்.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நம்பலாம். இரண்டு பேரும் பிரேக் அடிப்பார்கள், அர்ச்சுனன் நாலு வார்த்தை திட்டுவார், நம்பர் பிளேட் தெளிவாக விழும், ஒன்பதாம் நாள் எனக்குப் பதில் வரும். அவ்வளவுதான் என் திட்டம். அதை ஒரு திட்டம் என்று சொல்வதே அதிகம்.

மோதிய பிறகு நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். பிக்கப்பின் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டைத் தலையை ஆட்டாமல் எடுத்தேன். தக்காளிச் சாறு வழிந்திருந்தது, கைக்குட்டையால் துடைத்து மறுபடி எடுத்தேன். பிறகு சைடில் நின்று ஒரு தடவை. 108-க்குக் கூப்பிட்டது பூவரசன், நான் இல்லை. முழு வீடியோ மூன்று நிமிஷம் பத்து வினாடி. நான் பிளேட்டைத் துடைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். அர்ச்சுனன் என்னைக் கூப்பிடுகிறார். அந்த நிலையிலும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். ஆறு முறை. அந்தப் பகுதியை நான் வெட்டிவிட்டுத்தான் உங்களிடம் கொடுத்தேன்.

முழு வீடியோ இருக்கிற கார்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் சொல்வதற்கு வேறு சாட்சி வேண்டாம். காலை வெயில் முதுகில் அடிக்க மேற்கே போனேன் என்பதால், என் நிழல் எனக்கு முன்னால் ரோட்டில் நீளமாக விழுந்திருக்கிறது. நான் கொடுத்த வீடியோ தொடங்குவதற்கு மூன்று வினாடிக்கு முன்னால், அந்த நிழலுக்கு ஒரு கை முளைத்து இரண்டு முறை வீசுவது தெரியும். முதலில் பார்த்தபோது யார் கை என்று எனக்கே சட்டென்று புரியவில்லை.

பூவரசனை இன்றே விட்டுவிட வழி செய்யுங்கள். பாஞ்சாலி வந்தால் வீட்டுக்கு அனுப்புங்கள், கல்லை நகர்த்தியது நான் என்று சொல்லுங்கள். அர்ச்சுனனின் மனைவி தீர்த்தம்மாளை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்லை வைத்தவன் நான், கையை வீசியவன் நான், எதிரே வந்தவரைப் பார்த்துவிட்டு வீசியவன் நான். சுயநினைவோடு, பிறர் தூண்டுதல் இல்லாமல், முழு மனதுடன் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

கடைசியாக ஒன்று, மேடம். நேர்மையாக எழுத உட்கார்ந்த பிறகு இதை மட்டும் மறைப்பது முறையில்லை. மேற்படி அர்ச்சுனன் சம்பவ நேரத்தில் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. முழு வீடியோவில் பதினோராவது வினாடியில் நிறுத்திப் பார்த்தால் தெளிவாகத் தெரியும், மொபெட்டின் எண்ணும் விழுந்திருக்கிறது. இதன் மீது இதுவரை யாரும் நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவில்லை. தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.